நொண்டும் ஆடுகளை எண்ணுகிறவர்

செம்மறி ஆடு நொண்டினால் அதைப் பிடித்துப் புரட்டி, அழுகிய குளம்பைக் கத்தியால் சீவி எறிய வேண்டும் என்பதுதான் மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவந்த வைத்தியம். கால்நடை மருத்துவ வகுப்புகளிலும் அதுவே சொல்லப்பட்டது. கேட்பதற்கும் நியாயமாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போனதை அகற்றினால் நல்லது வளரும் என்று யாரும் நம்புவார்கள். இங்கிலாந்தில் லாரா கிரீன் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, குளம்பின் மேல் மருந்தும் தெளித்து, கத்தியே படாமல் விடப்பட்ட ஆடுகள் விரைவாகத் தேறின. குளம்பு சீவப்பட்ட ஆடுகள் தேறுவதற்குக் கூடுதல் நாட்கள் ஆயின. 2010இல் வெளிவந்த முடிவு இது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டுவந்த ஒரு சிகிச்சை, வலியையும் கூட்டி நோயையும் நீட்டித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு அபூர்வமான கருவி எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு குறிப்பிட்ட வகை மனிதர்: விலங்கின் நடையைப் பார்த்தே அதன் வலியை அறியக்கூடியவர், மந்தையின் கணக்கை வைத்து நோயின் போக்கைப் படிக்கக்கூடியவர், பண்ணையாளர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று பொறுமையாகக் கேட்கக்கூடியவர். பல்கலைக்கழகங்களில் விலங்கு நடத்தை, விலங்கு நலன், நோய்ப்பரவியல் என்று மூன்று துறைகளாக இவை பிரிந்து கிடக்கின்றன. ஒரே ஆய்வாளரின் வாழ்நாள் பணிக்குள் மூன்றும் சேரும்போதுதான், தனித்தனியாக எந்தத் துறைக்கும் கண்ணில் படாத விஷயங்கள் வெளியே வருகின்றன என்பது என் கருத்து. கிரீனின் பணியே நல்ல சான்று. செம்மறிகளின் நொண்டல் மட்டுமல்லாமல், பன்றிகள் ஒன்றின் வாலை ஒன்று கடிப்பது, முட்டைக் கோழிகள் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்குவது ஆகியவற்றுக்கான காரணங்களைத் தேடிய ஆய்வுகளிலும் அவர் பங்கேற்றிருக்கிறார். நடத்தைக் கோளாறு என்று ஒதுக்கப்பட்டவற்றை ஒரு நோயைத் தேடுவது போலவே பண்ணை பண்ணையாகத் தேடிய ஆய்வுகள் அவை.

இப்படிப்பட்டவர்களின் பாதை பெரும்பாலும் சிகிச்சையில்தான் தொடங்குகிறது. கால்நடை மருத்துவம் படித்துவிட்டுச் சில ஆண்டுகள் பண்ணைகளுக்குப் போய்வருகிறவருக்கு ஒரு சலிப்பு வரும். போன ஆண்டு மடிநோய்க்கு மருந்து கொடுத்த அதே பண்ணையில் இந்த ஆண்டும் மடிநோய். அடுத்த பண்ணையில் அவ்வளவாக இல்லை. முன்னால் நிற்கும் மாட்டை எப்படிக் குணப்படுத்துவது என்பது மருத்துவரின் கேள்வி. இந்த மாட்டுக்கு வந்தது பக்கத்து மாட்டுக்கு ஏன் வரவில்லை, இந்தக் கொட்டகையில் வருவது அந்தக் கொட்டகையில் ஏன் வரவில்லை என்பது நோய்ப்பரவியலாளரின் கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல நோயுற்ற விலங்குகளைப் பார்த்தால் போதாது. நன்றாக இருப்பவற்றையும் அதே கவனத்தோடு பார்த்து எண்ண வேண்டும். மருத்துவராகப் பழகிய கண்ணுக்கு இது எளிதல்ல. அது எப்போதும் நோயாளியைத் தேடியே ஓடும்.

நோயைக் கூட்டமாகப் பார்ப்பது இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 1761இல் பிரான்சின் லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டபோதே, மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய் ஐரோப்பாவை உலுக்கிக்கொண்டிருந்தது. 1920இல் அதே நோய் பெல்ஜியத்துக்குள் நுழைந்ததன் விளைவாகத்தான் 1924இல் உலக விலங்கு சுகாதார அமைப்பின் மூல அமைப்பு பாரிசில் உருவானது. விலங்கின் நலனை அறிவியலாகப் படிப்பதோ மிகவும் பிந்தியது. 1965இல் பிரிட்டனில் பிராம்பெல் தலைமையிலான குழு, பண்ணை விலங்கு எதுவானாலும் நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன்னைச் சுத்தம் செய்துகொள்ளவும், கால்களை நீட்டவும் இடம் இருக்க வேண்டும் என்று சொன்னது. விலங்கு நலனுக்கென்று உலகின் முதல் பேராசிரியர் பதவி கேம்பிரிட்ஜில் 1986இல்தான் ஏற்பட்டது. டொனால்ட் புரூம் அதை ஏற்றார்.

பிராம்பெல் குழுவின் அறிக்கையிலிருந்தே ஒரு முக்கியமான பாடம் கிடைத்தது. கூண்டுக் கோழிகளுக்கு மெல்லிய அறுகோணக் கம்பி வலைத் தரை கூடாது, தடித்த கம்பியாலான தரைதான் நல்லது என்று குழு பரிந்துரைத்தது. காலுக்கு அதுவே இதமாக இருக்கும் என்பது மனிதர்களின் ஊகம். 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இருவர் கோழிகளிடமே கேட்டார்கள். அதாவது, இரண்டு வகைத் தரையையும் வைத்து, எதில் போய் நிற்கின்றன என்று கவனித்தார்கள். குழு வேண்டாமென்ற மெல்லிய வலையைத்தான் கோழிகள் நாடின. விலங்கின் மேல் உள்ள அக்கறை எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், அதன் விருப்பத்தை நாமாக முடிவு செய்ய முடியாது. அதன் நடத்தையைக் கேட்டே ஆக வேண்டும்.

வலி விஷயத்தில் இந்தக் கேட்டல் இன்னும் கூர்மையாகிறது. கறிக்கோழிகள் சில வாரங்களுக்குள் பெரும் எடை போடும்படி இனவிருத்தி செய்யப்பட்டவை. பலவற்றின் கால்கள் அந்த எடையைத் தாங்குவதில்லை. அவை தடுமாறி நடப்பது வலியாலா, வெறும் உடலமைப்பாலா என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட சோதனையில் இரண்டு தீவனங்களை வைத்தார்கள். ஒன்றில் கார்ப்ரோஃபென் என்ற வலிநிவாரணி கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் நல்ல கோழிகளைவிட அந்தத் தீவனத்தை அதிகம் உண்டன. நொண்டல் கடுமையாகக் கடுமையாக, உட்கொண்ட மருந்தின் அளவும் கூடியது. பிறகு வந்தது எண்ணிக்கையின் வேலை. டோபி நோல்ஸ் தலைமையிலான குழு பிரிட்டனில் 51,000 கோழிகளின் நடையை மதிப்பிட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 40 நாள் வயதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கோழிகள் மோசமாக நடந்தன, 3.3 விழுக்காடு ஏறக்குறைய நடக்கவே முடியாத நிலையில் இருந்தன. முதல் ஆய்வு இல்லாவிட்டால் இரண்டாவதன் எண்கள் வெறும் நடை அளவீடாகவே நின்றிருக்கும். இரண்டாவது இல்லாவிட்டால் முதல் ஆய்வு ஆய்வுக்கூடத்துச் சில பறவைகளின் கதையாகவே முடிந்திருக்கும். சேர்த்துப் படிக்கும்போதுதான் வலியின் பரப்பு தெரிகிறது. அந்தப் பரப்பு என்னைக் கலங்க வைக்கிறது.

நடத்தை, நோயை முன்கூட்டியே காட்டித் தருவதும் உண்டு. உடம்பு சரியில்லாத விலங்கு உண்ணாது, ஒதுங்கிப் படுக்கும், தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளாது. இவை பலவீனத்தின் அடையாளங்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பெஞ்சமின் ஹார்ட் 1988இல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்: காய்ச்சலோடு சேர்ந்து வரும் இந்த ஒடுங்கல், தொற்றை எதிர்ப்பதற்காக உடல் தன் ஆற்றலைச் சேமிக்கும் ஒழுங்கான ஏற்பாடு. அப்படியானால் நடத்தை மாற்றம் என்பது உடலுக்குள் போராட்டம் தொடங்கிவிட்டதன் செய்தி.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் செய்தி எவ்வளவு முன்னதாக வருகிறது என்பதைக் காட்டியது. கன்று ஈன்ற பிறகு கடுமையான கருப்பைத் தொற்றுக்கு ஆளான பசுக்கள், கன்று ஈனுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே குறைவாக உண்ணத் தொடங்கியிருந்தன. தீவனத் தொட்டியருகே மற்ற மாடுகளை முட்டித் தள்ளி இடம் பிடிப்பதும் அவற்றிடம் குறைந்திருந்தது. இங்கேதான் ஆய்வாளர் நிதானிக்க வேண்டும். அந்தப் பசு ஏற்கெனவே நலிந்திருந்ததால் போட்டியிலிருந்து ஒதுங்கியதா? அல்லது கூட்டத்தில் தாழ்ந்த நிலையில் இருந்ததால் தீவனம் கிடைக்காமல், அதனால் எதிர்ப்பாற்றல் குறைந்து, நோய்க்கு ஆளானதா? முதலாவது உண்மையென்றால் அதை நோய் அறிகுறியாகப் பயன்படுத்தலாம். இரண்டாவது உண்மையென்றால் தொட்டியின் நீளத்தைக் கூட்ட வேண்டும், அடிக்கடி மாடுகளைக் குழு மாற்றுவதை நிறுத்த வேண்டும். ஒரே புள்ளிவிவரம் இரண்டு வேறு பரிந்துரைகளை நோக்கித் தள்ளுகிறது. தீவனத் தொட்டியருகே நேரம் செலவழித்து மாடுகளின் உறவுகளைப் பார்த்தவருக்குத்தான் இரண்டாவது கேள்வி தோன்றவே செய்யும்.

நோய் பரவுவதும் பல நேரங்களில் நடத்தையின் விளைவுதான். இதற்கு மிகக் கசப்பான எடுத்துக்காட்டு பிரிட்டனின் மாட்டுக் காசநோய். பேட்ஜர் என்ற காட்டு விலங்கு அந்த நோயை மாடுகளுக்குக் கொடுக்கிறது. ஆகவே பேட்ஜர்களைக் கொன்றால் நோய் குறையும் என்பது நேர்கோட்டுச் சிந்தனை. 1998இல் தொடங்கிய மாபெரும் கள ஆய்வில், கால்நடை மருத்துவரான ஜான் போர்ன் தலைமையிலான அறிவியல் குழு இதைப் பரிசோதித்தது. ஏறத்தாழ 11,000 பேட்ஜர்கள் கொல்லப்பட்டன. விரிவாகக் கொல்லப்பட்ட பகுதிகளுக்குள் மாடுகளின் காசநோய் குறைந்தது. அந்தப் பகுதிகளைச் சுற்றியிருந்த பண்ணைகளில் கூடியது. நோய் கண்ட பண்ணைகளைச் சுற்றி மட்டும் கொல்லும் முறையில் நிலைமை மேலும் மோசமானதால், அது 2003இல் நிறுத்தப்பட்டது. விளக்கம் பேட்ஜரின் சமூக வாழ்க்கையில் இருந்தது. அவை எல்லை வகுத்துக் குழுக்களாக வாழ்பவை. ஒரு குழுவைச் சிதைத்தால் எஞ்சியவை எல்லை கடந்து அலைகின்றன, புதிய விலங்குகளைச் சந்திக்கின்றன, நோயையும் எடுத்துச் செல்கின்றன. விலங்கை வெறும் நோய்க் கொள்கலனாக எண்ணிய கணக்கு தவறிவிட்டது.

2001இல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோயில் இந்தப் பங்கை ஆற்றியது மனிதர்களின் நடத்தை. செம்மறிகளில் அந்த நோயின் அறிகுறிகள் மிக மெல்லியவை; கண்ணுக்குப் படுவதற்குள் ஆடுகள் சந்தைகளில் கைமாறி நாடெங்கும் போய்விட்டிருந்தன. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. அவற்றில் ஒரு பெரும் பகுதிக்கு நோயே இல்லை. நடமாட்டத் தடையால் மேய்ச்சல் தீர்ந்த வயல்களிலும் நெரிசலான கொட்டகைகளிலும் சிக்கிக்கொண்டு, நலன் கருதி என்ற பெயரில் கொல்லப்பட்டவை அவற்றில் பல. நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தை எழுதுகிற மேசையில் விலங்கின் அன்றாடத்தை அறிந்தவர் ஒருவர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான கதை வெக்கை நோயின் ஒழிப்பு. 2011இல் உலகிலிருந்து அறவே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட முதல் விலங்கு நோய் அது. கடைசிக் கட்டத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் நாடோடி மேய்ப்பர்களிடையே அது ஒளிந்திருந்தது; 2001இல் கென்யாவில் கண்டறியப்பட்டதே அறியப்பட்ட கடைசித் தாக்குதல். குளிர்பதனம் இல்லாமலும் தாங்கக்கூடிய தடுப்பூசி ஒரு பக்கம் உதவியது. மறு பக்கம், மேய்ப்பர்களின் அறிவையே தரவாக ஏற்றுக்கொண்ட பங்கேற்பு நோய்ப்பரவியல் என்ற முறை உதவியது. எந்த வயது மாடுகளுக்கு எந்த அறிகுறி எந்தப் பருவத்தில் வந்தது என்பதை அவர்கள் துல்லியமாக நினைவில் வைத்திருந்தார்கள். அந்த மக்களிலிருந்தே பயிற்சி பெற்றவர்கள் தடுப்பூசியைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். காது கொடுத்துக் கேட்பதும் ஓர் ஆய்வு முறைதான் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

இப்படிப்பட்ட ஆய்வாளரின் அன்றாடப் பணியை வெளியே இருப்பவர்கள் அதிகம் அறிவதில்லை. அதில் பெரும்பகுதி, ஒரே செயலைச் சற்றும் மாறாமல் திரும்பத் திரும்பச் செய்வது. விலங்கு நடந்து போகிறது. அதன் நடைக்கு ஒரு மதிப்பெண். தலை ஆடுகிறதா, முதுகு வளைகிறதா, எந்தக் காலில் பாரம் தயங்குகிறது? இரண்டு பேர் ஒரே மாட்டைப் பார்த்து வேறு வேறு மதிப்பெண் கொடுத்தால் அந்தத் தரவுக்கு மதிப்பில்லை. எனவே பார்வையாளர்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்பதையே முதலில் அளக்க வேண்டியிருக்கிறது. பிறகு கணக்கின் சிக்கல்கள். ஒரே பண்ணையின் நூறு மாடுகள் நூறு தனித்தனிச் சான்றுகள் அல்ல. அவை நிற்பது ஒரே தரையில். பார்த்துக்கொள்வது ஒரே ஆள். வைக்கோல் போடும் பன்றிப் பண்ணைகளில் வால் கடித்தல் குறைவு என்றால், வைக்கோல் போடுமளவு அக்கறையுள்ளவர் மற்றவற்றிலும் அக்கறையாக இருப்பாரே என்ற சந்தேகம் உடனே எழ வேண்டும்.

அதனால்தான் பெரிய அளவில், உண்மையான பண்ணைகளிலேயே நடக்கும் சோதனைகளுக்கு அவ்வளவு மதிப்பு. மரியன் டாக்கின்ஸ் தலைமையில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில் பத்துப் பெரிய கறிக்கோழி நிறுவனங்கள் தங்கள் கொட்டகைகளில் நெருக்கத்தை மாற்றி அமைத்துக் கொடுத்தன. மொத்தம் 27 லட்சம் கோழிகள். நெருக்கம் மிக அதிகமானபோது நடை கெட்டது உண்மைதான். ஆனால் மொத்தத்தில் கோழிகளின் நிலையைப் பெரிதும் தீர்மானித்தவை காற்றின் ஈரப்பதம், வெப்பநிலை, தரைப் படுக்கையின் ஈரம் போன்றவைதான். ஒரு கொட்டகைக்கு இத்தனை கோழி என்று சட்டம் எழுதுவது சுலபம். காற்று எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவதும் கண்காணிப்பதும் கடினம். எளிதாக அளக்கக்கூடியதையே நலன் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை இந்த ஆய்வு பலமாகக் கேள்வி கேட்டது.

பண்ணையாளரோடு பேசுவதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான பகுதி. இங்கிலாந்தில் 53 பால் பண்ணைகளைப் பார்த்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வாளர்கள் கண்ட நொண்டும் மாடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் பண்ணையாளர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். இதை அலட்சியம் என்று சொல்வது அநியாயம். தினமும் பார்ப்பவருக்கு மெல்ல மெல்ல வரும் மாற்றம் இயல்பாகிவிடுகிறது. செம்மறி வளர்ப்பவர்களிடம் கிரீனும் ஜாஸ்மீத் காலரும் செய்த ஆய்வு இன்னொரு நுட்பத்தைக் காட்டியது. வீடியோவில் லேசாக நொண்டும் ஆட்டைக்கூட அவர்கள் சரியாகவே அடையாளம் கண்டார்கள். பார்வையில் குறையில்லை, எப்போது பிடித்து மருந்து போடுவது என்ற முடிவில்தான் தாமதம். ஒரே ஓர் ஆட்டுக்காக மந்தையை மடக்குவது பெரிய வேலை. சில ஆடுகள் சேரட்டும் என்று காத்திருக்கிறார்கள். குளம்பு அழுகல் பாக்டீரியாவால் வருவது. நொண்டும் ஆடு ஈரமான மேய்ச்சல் தரையில் கிருமியை விட்டுக்கொண்டே போகிறது. அந்தக் காத்திருப்பு நாட்களில்தான் அடுத்த ஆடுகளுக்குத் தொற்று போய்ச் சேர்கிறது.

இப்படிப் பார்த்தால், முதலில் நொண்டும் ஆட்டுக்கு மூன்று நாட்களுக்குள் சிகிச்சை கொடுப்பது அந்த ஆட்டின் வலியைத் தீர்க்கும் செயல் மட்டுமல்ல, மந்தையையே காக்கும் தடுப்பு முறையும்கூட. ஆன்டிபயாடிக் பயன்பாடு கூடிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தொடக்கத்திலேயே சங்கிலி அறுந்தால் பின்னால் மருந்து தேவைப்படும் ஆடுகள் குறையும். இங்கிலாந்தில் 2004இல் ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்த செம்மறி நொண்டல் 2013இல் 5 விழுக்காட்டு அளவுக்கு இறங்கியிருந்தது. ஒரு கேள்வியோடு பல ஆண்டுகள் இருந்ததற்குக் கிடைத்த பலன் அது. மூன்று ஆண்டு நிதி, மூன்று ஆண்டு அறிக்கை என்று ஓடும் இன்றைய ஆய்வு நிர்வாகம் இப்படிப்பட்ட நீண்ட உழைப்புக்கு இடம் கொடுக்கத் தயங்குவது எனக்குக் கவலை தருகிறது.

இப்போது மாட்டின் கழுத்திலும் காலிலும் உணரிகள் வந்துவிட்டன. அசைபோடும் நேரத்தையும் படுக்கும் நேரத்தையும் அவை எழுதித் தள்ளுகின்றன. பன்றிகளின் வால் தொங்குவதை முப்பரிமாண கேமரா கண்டறிந்து, வால் கடித்தல் தொடங்குமுன்பே எச்சரிக்க முடியும் என்று ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. பெரும் உதவிதான். எந்த மாற்றம் வலி, எந்த மாற்றம் வெறும் வெயில் என்று பிரித்தறிய இன்னமும் விலங்கை அறிந்த ஒருவர் வேண்டும்.

தீராத கேள்விகளும் நிறைய. ஐரோப்பிய ஒன்றியம் பழைய வகைக் கோழிக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்தது. நான் முழு மனதோடு வரவேற்கும் முடிவு அது. ஆனால் கூண்டுக்கு வெளியே, அடுக்கு அடுக்கான பரண்களில் பறந்து ஏறி இறங்கும் கோழிகளில் நெஞ்செலும்பு முறிவுகள் ஏராளமாகத் தென்பட்டன. மோதி விழுவதால்தான் முறிகிறது என்று முதலில் எண்ணினார்கள். சாய்தளம் வைத்தபோது விழுவதும் முறிவும் குறையத்தான் செய்தன. எனினும் டென்மார்க்கில் 2021இல் வெளியான ஆய்வு, கூண்டு உட்பட எல்லா அமைப்புகளிலும் முறிவைக் கண்டது. சிறிய உடல், சீக்கிரமே தொடங்கும் முட்டையிடல், பெரிய முட்டை ஆகியவற்றோடு அது தொடர்புபட்டிருந்தது. அப்படியென்றால் கொட்டகையின் வடிவமைப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை; பறவையின் இனவிருத்தியையே கேள்வி கேட்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் பல முறிவுகள் தப்பிவிடுகின்றன, எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரிகின்றன. முறிந்த எலும்போடு ஒரு கோழிக்கு எத்தனை வாரம் வலி நீடிக்கிறது, பரணில் ஏறுவதை அது எப்போது கைவிடுகிறது, முட்டையிடத் தொடங்குவதைச் சில வாரங்கள் தள்ளிப்போட்டால் முறிவு குறைகிறதா என்பவற்றை மந்தை மந்தையாகப் பின்தொடர்ந்து பார்க்கும் வேலை இளம் ஆய்வாளர்களுக்கு முன்னால் இருக்கிறது.